கடைசி இலக்கம்

தட்டில் ஒன்றுமில்லை.
திரையோ ஏழு என்கிறது, நான்கு என்கிறது,
யோசித்துவிட்டு ஆறு என்கிறது.
மில்லிகிராம்தான். ஆனால் இது நகைக்கடைத் தராசு.
குந்துமணி எடைக்கு முகம் சுளிக்கிறவர்கள்
இதன் முன்னால் வந்து நிற்பார்கள்.

பாயான் லெப்பாஸ், இரண்டாம் மாடி,
இரவு பதினொன்று இருபது.
ஏர்கோனை நிறுத்தினோம். காற்று நின்றது, வியர்வை வந்தது,
இலக்கம் நிற்கவில்லை.
லாரி அதிர்வு என்றான் பெங் ஹுவாட்.
லாரிகள் ஓய்ந்த பிறகும் நான்கு, ஏழு.
ஸுரைனி தட்டை உற்றுப் பார்த்து
யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்றாள் மலாயில்.
சிரித்தோம். பிறகு
ஒருவரும் தட்டைத் தொடவில்லை.

அலைக்காட்டியை இழுத்து வைத்தேன்.
ஐந்து வோல்ட், வரைபடத்தில் ஒரு கோடு.
நேராகக் கிழித்தவளும் நான்தான்.
இங்கே அது கோடில்லை, புல்.
பவர் சப்ளைக்குள் ஒரு சுவிட்ச்
நொடிக்கு ஆறு லட்சம் தடவை திறந்து மூடுகிறது.
கதவு அறைகிற ஒவ்வொரு சத்தமும்
செம்பு வழியே நடந்து
எடை சொல்லும் சில்லுவரை வந்துவிடுகிறது.
நாற்பத்தெட்டு மில்லிவோல்ட் என்று எழுதிக்கொண்டேன்.

எழுதிய பிறகுதான் கையைப் பார்த்தேன்.
புரோபின் தரைக்கம்பி, ஒரு சாண் நீளம்,
முதலைக் கிளிப்போடு வளைந்து தொங்குகிறது:
காற்றில் போவதையெல்லாம் பிடிக்கிற தூண்டில்.
கழற்றி எறிந்து, பேனா ஸ்பிரிங்போல ஒன்றைச் சொருகி
நுனிக்குப் பக்கத்திலேயே தரையைத் தொட்டேன்.
இருபத்திரண்டு.
பாதிக்கு மேல் இரைச்சல்
நான் கொண்டுவந்தது.
பெங் ஹுவாட்டிடம் சொல்லவில்லை.
தாளில் மட்டும் அடித்தேன்.

மீதியும் என்னுடையதுதான்.
கெப்பாசிட்டர் வைத்திருந்தேன், சரியான மதிப்பில்,
சில்லின் காலிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி,
அங்கே பார்க்க அழகாக இருந்ததால்.
தாகம் நானோநொடியில் எடுக்கிறது,
தண்ணீரோ அடுத்த தாமானில்.
பெயர்த்தெடுத்துக் காலோடு காலாகப் பற்றவைத்தேன்.
எள்ளைவிடச் சிறியது, மூச்சு விட்டால் பறந்துவிடும்.
ஒன்று பறந்தும்விட்டது.
ஒன்பது.

அப்போது பேராசை வந்தது.
வழியில் ஒரு ஃபெரைட் மணி,
குந்துமணியின் கண் மட்டும் உதிர்ந்து விழுந்ததுபோல் கறுப்பு,
அதன் பின்னால் பெரிய கெப்பாசிட்டர்,
ரொம்பச் சுத்தம், எதையும் இழக்காதது.
முப்பத்தொன்று!
புல் போய் அலை வந்திருந்தது.
மணியும் கெப்பாசிட்டரும் ஒன்றையொன்று தள்ளி
ஊஞ்சலாடுகின்றன. நிறுத்த ஆளில்லை,
இரண்டும் அவ்வளவு நல்லவை.

பெங் ஹுவாட் மேசை டப்பாவைக் கிளறி
ஓர் ஓம் மின்தடையை இடுக்கியில் நீட்டினான்.
ஒரு சென் பெறாது.
கெப்பாசிட்டரின் வாசலில் அதை நிறுத்தினேன்.
ஊஞ்சல் இரண்டே வீச்சில் களைத்துப்போனது.
கொஞ்சம் வீணாகத்தான் வேண்டியிருக்கிறது,
வெறும் சூடாக, யாருக்கும் பயனில்லாமல்.
இரண்டு.
அதற்குக் கீழே அலைக்காட்டியின்
சொந்த முணுமுணுப்பு.

இரைச்சல் அழிந்துவிடவில்லை.
சுவிட்ச் இன்னும் அறைகிறது, அறைந்துகொண்டேயிருக்கும்.
சில்லைத் தொடாமல் அது வீடு திரும்ப
ஒரு குறுக்குச் சந்து வெட்டிக் கொடுத்தோம்,
அவ்வளவுதான்.

திரையில் பூஜ்யம்.
ஸுரைனி அறுபதுவரை எண்ணினாள். பூஜ்யம்.
உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விட்டார்.

என் மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் வைத்தேன்.
நூற்று எண்பத்து மூன்று. அசையவில்லை.
லெபோ பாசாரில் வாங்கியபோது பில்லில்
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
கடைக்காரர் நல்ல மனிதர், மைலோ வாங்கிக் கொடுத்தார்.
அவர் தராசில் கெப்பாசிட்டர்
எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருந்ததோ.